வாடகைப் பணமும் கலவரமும்

நான் குமரிக் கடற்கரையில் மீனவர் வீட்டில் பிறந்தவள். திருவனந்தபுரத்தில் கல்லூரி மாணவர்களுக்குப் பொருளாதாரம் நடத்துகிறேன். ஏழைகளுக்கு அரசு செய்யும் உதவி ஊரில் சண்டையைத் தடுக்குமா என்ற ஆராய்ச்சியைப் பற்றிப் பேசும்போது, இந்த நகரின் வலியதுறைக் கரையிலுள்ள சிமென்ட் கிடங்கைச் சொல்லாமல் பாடத்தை முடிக்க எனக்கு மனம் வராது. கடல் வீட்டைக் கொண்டுபோன குடும்பங்கள் அங்கே மறைப்புக் கட்டி ஆண்டுக்கணக்கில் குடியிருந்தன.

2022 ஆகஸ்ட் 16 முதல் விழிஞ்ஞம் துறைமுக வாசலில் மீனவர்கள் மறியலில் உட்கார்ந்தார்கள். லத்தீன் கத்தோலிக்க உயர்மறைமாவட்டம் முன்னின்றது. கோரிக்கைகள் ஏழு. துறைமுகக் கட்டுமான வேலையை நிறுத்தி, அதனால் கடலரிப்பு கூடுகிறதா என்று ஆராய வேண்டும் என்பது ஒன்று. வீடிழந்தவர்களுக்கு வீடு, அதுவரை வாடகை என்பது இன்னொன்று. மாதம் 5,500 ரூபாய் தருவதாக அரசு சொன்னது. அந்தப் பணத்துக்கு இந்த நகரில் எந்த வீடு கிடைக்கும்? நவம்பர் 27 இரவு விழிஞ்ஞம் காவல் நிலையம் தாக்கப்பட்டது. காவலர்கள் பலர் காயப்பட்டார்கள். டிசம்பர் 6-இல் பேச்சுவார்த்தைக்குப் பின் போராட்டம் முடிந்தது.

போராட்டம் வன்முறையாக மாறியதைப் புரிந்துகொள்ள ஆராய்ச்சி ஓரளவு கைகொடுக்கிறது. பட்ரிசியா ஜஸ்டினோ 1973 முதல் 1999 வரை இந்தியாவின் 14 மாநிலங்களில் நடந்த கலவரங்களை ஆராய்ந்தார். போலீஸ் அப்போதைக்கு அடக்கும். சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தால், நலத்திட்டச் செலவே கலவரத்தைக் கூடுதலாகக் குறைத்திருக்கிறது என்றார்.

2006-இல் நூறு நாள் வேலைத் திட்டம் வந்ததும் ஆய்வாளர்களின் பார்வை மாவோயிஸ்ட் வன்முறை நடந்த மாவட்டங்களுக்குத் திரும்பியது. மழை பொய்த்தால் வன்முறை ஏறும் பழைய தொடர்பு, அந்தத் திட்டத்துக்குப் பின் தளர்ந்தது என்று தீமோ ஃபெட்சர் கண்டார். கௌரவ் கன்னாவும் லாரா சிம்மர்மனும் கண்டது வேறு: திட்டம் நுழைந்தவுடன் வன்முறை கூடியது. மக்கள் அரசை நம்பிப் போலீசுக்குத் தகவல் தரத் தொடங்கியதால் மோதல்கள் மிகுந்தன என்பது அவர்கள் சொன்ன விளக்கம். தாஸ்குப்தா, கவாண்டே, கபூர் மூவரும் நிர்வாகத்தைப் பார்த்தார்கள். திட்டத்தைத் திறம்பட நடத்திய ஆந்திரத்தில் வன்முறை வெகுவாகக் குறைந்திருந்தது. பிலிப்பைன்ஸிலும் இப்படி இரு விதமான முடிவுகள் உண்டு: ஊர்களுக்கு வந்த வளர்ச்சித் திட்டத்தைக் கிளர்ச்சியாளர்கள் தாக்கினார்கள், குடும்பங்களின் கைக்கு நேரே போன பணம் மோதலைக் குறைத்தது.

ஆக, உதவி உண்டா இல்லையா என்ற கேள்வி பழசாகி, அது எப்படி வந்து சேர்கிறது என்று ஆய்வாளர்கள் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். எனக்கு இது போதவில்லை. மாவோயிஸ்ட் ஆய்வுகள் பெரும்பாலும் சாவுகளையும் தாக்குதல்களையும் எண்ணுகின்றன. கிடங்கில் பிள்ளை வளர்த்த ஒரு தாயின் காத்திருப்பு எந்த அட்டவணையிலும் ஏறாது. கோபம் அந்தக் காத்திருப்பில்தான் மூள்கிறது.

கரையோரத்தவரை இடம் மாற்றும் 'புனர்கேகம்' திட்டத்தில் நிலத்துக்கும் வீட்டுக்குமாக ஒரு குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய். கடலிலிருந்து 50 மீட்டருக்கு அப்பால் போக வேண்டும். விடியுமுன் வள்ளம் இறக்குகிறவர்கள் அதிக தூரம் போய்க் குடியிருக்கவும் முடியாது. அந்தத் தொகைக்குள் கரைக்குப் பக்கத்தில் எத்தனை பேருக்கு நிலம் அமைந்தது, அறிவித்த நாளுக்கும் சாவி கைக்கு வந்த நாளுக்கும் நடுவே எவ்வளவு காலம் போனது என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுங்கள் என்றுதான் என் மாணவர்களிடம் சொல்கிறேன்.