தறி செய்த தச்சரும் கோவை ரேஸ் காரும்



கள்ளக்குறிச்சியில் சேலம் சாலை ஓரமாக, பத்திரமான இடத்தில் நின்று, கால் மணி நேரம் வண்டிகளை எண்ணிப் பாருங்கள். பேருந்து, லாரி, கரும்பு டிராக்டர் வேண்டாம். காரும் பைக்கும் மட்டும் போதும். சுஸுகி, ஹோண்டா, யமஹா, டொயோட்டா என்ற பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். இவை எல்லாம் எந்த நாட்டுப் பெயர்கள்? ஜப்பான்! அதிலும் சுஸுகி, ஹோண்டா, யமஹா மூன்றும் மனிதர்களின் குடும்பப் பெயர்கள்.

உங்கள் தெருவில் இருக்கும் அண்ணன்களில் யாராவது ஒருவர் பைக்கின் சைலன்சரை மாற்றி, 'டப டப' என்று ஊரையே எழுப்பிக் கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். அதை 'ஆல்டர் செய்த வண்டி' என்பார்கள். காரிலும் இப்படிச் செய்வோர் உண்டு. உலகம் முழுவதும் ஜப்பான் கார்களை வாங்கி, பிரித்து, மாற்றி, வேகம் கூட்டுவதில் பலருக்குத் தீராத ஆசை. இந்த ஆசை எங்கே பிறந்தது? நம் தமிழ்நாட்டில் அது எப்படி நல்ல வழியில் போனது? வாருங்கள், பார்ப்போம்.

தறியில் இருந்து கார்

ஜப்பானில் ஹமமட்சு என்ற ஊர். அங்கே பருத்தி விவசாயக் குடும்பத்தில் பிறந்து, தச்சு வேலை கற்றவர் மிச்சியோ சுஸுகி. தன் அம்மாவுக்காக அவர் செய்த மரத்தறிதான் அவருடைய முதல் தறி என்பார்கள். 1909ஆம் ஆண்டு தறி செய்யும் தொழிற்சாலை ஒன்றைத் தொடங்கினார். அதுதான் இன்றைய சுஸுகி நிறுவனத்தின் ஆரம்பம். டொயோட்டாவின் கதையும் தறியில்தான் தொடங்குகிறது. நூல் அறுந்தால் தானாகவே நின்றுவிடும் தறியைக் கண்டுபிடித்தவர் சகிச்சி டொயோடா. அவருடைய மகன் கீச்சிரோ தொடங்கியதுதான் கார் கம்பெனி.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜப்பானில் பணமும் குறைவு, பெட்ரோலும் குறைவு. எனவே அரசு 'குட்டிக் கார்' என்று ஒரு வகையை ஏற்படுத்தி, வரிச் சலுகை கொடுத்தது. 1955இல் சுஸுகி செய்த முதல் காரின் எஞ்சின் 360 சி.சி. மட்டுமே. இன்று நம் ஊரில் ஓடும் சில பைக்குகளின் எஞ்சின்கூட அதைவிடப் பெரியது!

சின்ன எஞ்சினில் இருந்து அதிக சக்தியை எடுப்பது எப்படி? இந்தக் கேள்விதான் ஜப்பான் பொறியாளர்களை யோசிக்க வைத்தது. பட்டறை மெக்கானிக்குகளையும் அதே கேள்வி விடவில்லை.

ஊதாங்குழல் ரகசியம்

விறகு அடுப்பில் நெருப்பு மங்கினால் பாட்டி என்ன செய்வார்? ஊதாங்குழலால் ஊதுவார். காற்று அதிகமானால் நெருப்பு நன்றாக எரியும். எஞ்சினிலும் அப்படித்தான். பெட்ரோல் எரியக் காற்று வேண்டும். எஞ்சினில் இருந்து வெளியேறும் புகையின் வேகத்தாலேயே ஒரு சின்னக் காற்றாடியைச் சுழற்றி, அதைக் கொண்டு அதிகக் காற்றை எஞ்சினுக்குள் திணிக்கும் கருவிதான் 'டர்போ'. அது நிமிடத்துக்கு ஒரு லட்சம் முறைக்கு மேல்கூடச் சுழலும்!

1989இல் வந்த நிஸான் ஸ்கைலைன் ஜி.டி.ஆர். காரில் இப்படி இரண்டு டர்போக்கள் இருந்தன. ஆஸ்திரேலியாவில் புகழ்பெற்ற பாதர்ஸ்ட் போட்டியில் 1991, 1992 இரண்டு ஆண்டுகளும் அதுவே வென்றது. 'காட்ஸில்லா' என்று அதற்குப் பட்டப் பெயர். 1983இல் வந்த டொயோட்டா ஏ.இ.86 என்ற சிறிய காரையும் இளைஞர்கள் மலைப்பாதையில் ஓட்டி, திருப்பங்களில் சறுக்கவிட்டுத் திருப்பும் வித்தையைப் பழகினார்கள். ஆனால், இரவு நேர மலைப்பாதை ஓட்டத்தில் பலர் உயிரிழந்ததும் உண்மை. அதனால் ஜப்பான் போலீஸ் கடுமையாக நடவடிக்கை எடுத்தது. அங்கே புதுக் காருக்கு 3 ஆண்டுகளிலும், பிறகு 2 ஆண்டுகளுக்கு ஒருமுறையும் கட்டாயச் சோதனை உண்டு. மாற்றம் செய்த காரும் அந்தச் சோதனையில் தேறினால்தான் சாலையில் ஓடலாம்.

இந்தியாவுக்கு வந்த குட்டிக் கார்

ஏ.இ.86 வந்த அதே 1983ஆம் ஆண்டு, டிசம்பர் 14ஆம் தேதி. முதல் மாருதி 800 காரின் சாவியை அன்றைய பிரதமர் இந்திரா காந்தி வழங்கினார். சாவியைப் பெற்றவர் டில்லியைச் சேர்ந்த ஹர்பால் சிங். ஜப்பானின் குட்டிக் காரில் சற்றே பெரிய எஞ்சினைப் பொருத்தியதுதான் அந்த மாருதி. மூன்று சிலிண்டர், 796 சி.சி. எஞ்சின். 2014 ஜனவரியில் உற்பத்தி நிற்கும் வரை நடுத்தரக் குடும்பங்களின் கனவுக் கார் அதுதான். யமஹா ஆர்.எக்ஸ். 100 பைக் 1985 முதல் 1996 வரை இங்கே தயாரானது. அதைத் தேடிப் பிடித்துப் புதுப்பிக்கும் இளைஞர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

இந்தச் சின்ன மாருதி எஞ்சினைப் பார்த்து, ஒருவருக்குப் பெரிய யோசனை வந்தது.

கோவையின் கரிவர்தன்

அவர் பெயர் எஸ். கரிவர்தன். கோயம்புத்தூரைச் சேர்ந்தவர். அந்தக் காலத்தில் சென்னைக்கு அருகே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதையில் கார் ரேஸ் நடக்கும். வெளிநாட்டு ரேஸ் காரை இறக்குமதி செய்ய வசதி படைத்தவர்களால்தான் முடியும். சாதாரண வீட்டுப் பையன்கள் வேலிக்கு வெளியே நின்று பார்க்க வேண்டியதுதான்.

'ரேஸ் காரை நாமே செய்தால் என்ன?' என்று நினைத்தார் கரிவர்தன். குழாய்களை இணைத்துச் சட்டம் அமைத்தார். ஒரே ஒரு இருக்கை. நான்கு சக்கரங்களும் வெளியே தெரியும். உள்ளே, எந்த ஊர்ப் பட்டறையிலும் பழுது பார்க்கக்கூடிய மாருதி 800 எஞ்சின்! இதுதான் 'ஃபார்முலா மாருதி'. எல்லோருக்கும் ஒரே மாதிரி எஞ்சின் என்பதால், பணம் அதிகம் உள்ளவர் அல்ல, திறமை அதிகம் உள்ளவரே ஜெயிக்க முடிந்தது.

1990இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் ரேஸ் நடத்துவதற்கென்றே தனிப் பாதை திறக்கப்பட்டது. அங்கே ஃபார்முலா மாருதி ஓட்டித் தொடங்கிய கோவைப் பையன் ஒருவர், 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியர் ஆனார். யார் தெரியுமா? நரேன் கார்த்திகேயன். அந்த ஆண்டு அவர் ஓட்டிய ஜோர்டான் காரில் இருந்ததும் ஜப்பானின் டொயோட்டா எஞ்சின்தான்! பிற்பாடு அவர் ஜப்பானுக்கே போய்ப் பல ஆண்டுகள் போட்டியிட்டார். 2019 நவம்பரில் அங்குள்ள ஃபுஜி பாதையில் ஹோண்டா காரில் ஒரு பந்தயத்தில் வெற்றியும் பெற்றார்.

இதைப் பார்க்கக் கரிவர்தன் இல்லை. 1995இல் சிறிய விமான விபத்தில் காலமானார். கோவை செட்டிப்பாளையத்தில் உள்ள 'கரி மோட்டார் ஸ்பீட்வே' இன்றும் அவர் பெயரைச் சொல்கிறது.

கல்வராயன் மலையில் ஒரு கணக்கு

ஒன்றைக் கவனித்தீர்களா? கரிவர்தன் வேகத்தை வெறுக்கவில்லை. வேகத்துக்கு உரிய இடத்தில் அதைக் கொண்டுபோய் வைத்தார். தெருவை அவர் ரேஸ் பாதை ஆக்கவில்லை.

நம் கச்சிராயபாளையத்தில் இருந்து வெள்ளிமலைக்கு ஏறும் பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். வளைவுக்கு அப்பால் என்ன வருகிறது என்று தெரியாது. ஆடு வரலாம், பேருந்து வரலாம், பள்ளிக்கு நடந்து போகும் மலைக் கிராமத்துப் பிள்ளைகள் வரலாம்.

இப்போது கணக்கு. காய்ந்த நல்ல சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார், பிரேக் பிடித்த பிறகு சுமார் 9 மீட்டர் ஓடி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். வேகம் இரண்டு மடங்காகி 80 ஆனால் எவ்வளவு தூரம் ஓடும்? 18 என்கிறீர்களா? தவறு! 36 மீட்டர். வேகம் இரு மடங்கானால், நிற்கும் தூரம் நான்கு மடங்கு. பிரேக்கை மிதிப்பதற்குள் ஓடும் தூரம் தனிக் கணக்கு. அருவிப் பக்கம் மழை பெய்து சாலை நனைந்திருந்தால் இன்னும் அதிகம்.

எஞ்சினின் சக்தியை மட்டும் கூட்டிவிட்டு, பிரேக்கையும் டயரையும் அப்படியே விட்டால் என்ன ஆகும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, கம்பெனி தயாரித்த அமைப்புக்கு மாறாக, அனுமதி இல்லாமல் வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு திருத்தப்பட்ட சட்டப்படி, 18 வயது ஆகாத பிள்ளை உரிமம் இல்லாமல் வண்டி ஓட்டி மாட்டினால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும், 3 ஆண்டு வரை சிறையும் உண்டு. அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை ஓட்டுநர் உரிமமும் கிடையாது. ஒரு நாள் ஆசைக்கு எத்தனை ஆண்டுகள் காத்திருப்பு பாருங்கள்!

அப்படியானால் ஆசையை மூட்டை கட்டி வைத்துவிட வேண்டுமா? வேண்டாம்! பழைய சைக்கிளின் ஃப்ரீவீலைப் பிரித்து மாட்டிப் பாருங்கள். மெக்கானிக் மாமாவிடம் கேள்வி கேளுங்கள். இயற்பியலையும் கணக்கையும் விருப்பத்தோடு படியுங்கள். பிறகு ஐ.டி.ஐ., பாலிடெக்னிக், பொறியியல் கல்லூரி எல்லாம் இருக்கின்றன. கல்லூரி மாணவர்கள் தாங்களே வடிவமைத்த ரேஸ் கார்களோடு போட்டியிடும் 'ஃபார்முலா பாரத்', கோவையில் அதே கரி மோட்டார் ஸ்பீட்வேயில்தான் நடந்து வருகிறது.

தறி செய்த தச்சர் கார் செய்தார். கோவைக்காரர் அந்த எஞ்சினை வைத்து ரேஸ் கார் செய்தார். அடுத்து என்ன செய்யலாம் என்று கள்ளக்குறிச்சிப் பிள்ளைகள் நீங்கள் யோசியுங்கள். வண்டிச் சாவியைக் கையில் எடுக்க இன்னும் வயது இருக்கிறது. ஸ்பேனரை இன்றைக்கே எடுக்கலாம்!