திரையும் தறிக்காதும்

பள்ளிபாளையத்தில் தறிப்பட்டறைக்குள் யாரும் காதை நம்பிப் பேசுவதில்லை. விசைத்தறி இரைச்சலில் வாயசைவும் சைகையும்தான் மொழி. முப்பது வருஷம் தறி ஓட்டிய என் பெரியப்பாவுக்குப் பட்டறைக்கு வெளியிலும் எதிரே ஒரு முகம் வேண்டும். இல்லாவிட்டால் பேச்சு பிடிபடாது.

இருமலுக்காக அவரை ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடி “எத்தன நாளா இருக்கு?” என்றார். “என்னங்க?” என்றார் பெரியப்பா. கேள்வி மறுபடியும் திரையை நோக்கியே வந்தது. மூன்றாம் தடவை நான் பதில் சொன்னேன். அதற்கப்புறம் என்னிடமே பேச்சு. நோயாளி தன் நோய்க்கே மூன்றாம் மனிதரானார். பஞ்சுத்தூசி பற்றிய பேச்சே எழவில்லை.

‘உனக்கு என்ன?’ என்ற மருத்துவரின் பழைய கேள்வி ‘எங்கே வலிக்கிறது?’ என்று மாறியதை ஃபூக்கோ 1963இல் எழுதினார். அந்தப் பார்வை அதிகாரத்தின் பார்வைதான். ஆனாலும் உடம்பின்மேல் விழுந்தது. 1816இல் லென்னெக் காகிதத்தைச் சுருட்டி நெஞ்சில் வைத்தபோதும் காது நோயாளிப் பக்கம்தான் சாய்ந்தது. கம்ப்யூட்டரோ பார்வையைத் தன் பக்கம் இழுக்கிறது. படிவத்தின் கட்டங்களே கேள்விகளின் வரிசையைத் தீர்மானிக்கின்றன.

டாக்டரை மட்டும் திட்டுவதில் அர்த்தமில்லை. வாசலில் அத்தனை கூட்டம். பழைய சீட்டைத் தொலைத்துவிட்டு நிற்பவருக்குக் கம்ப்யூட்டர் பதிவு உபகாரம்தான். ஆனால் முகம் பார்த்துப் பேசுவதைக் கனிவு, பண்பு என்றே சொல்லிக்கொண்டிருக்கிறோம். தறிக்காரருக்கு அது காது. கேட்டு முடித்தபின் தட்டலாம். திரையைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பிவைக்கலாம். அன்றைக்கு அந்த மேசையில் அதற்கு இடம் இருந்தது.