ஒரு சாவி எத்தனை பூட்டைத் திறக்கும்? திண்டுக்கல் பட்டறை சொல்லித்தரும் கம்ப்யூட்டர் பாடம்!

திண்டுக்கல் என்றாலே பிரியாணியும் பூட்டும்தான். கைவேலைக்குப் பெயர்போன இந்தப் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அங்கே ஒரு பட்டறை, தன் ஆர்டர் நோட்டைக் கம்ப்யூட்டருக்கு மாற்ற நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சாஃப்ட்வேர் வாங்குவதற்கு முன்பே எழும் கேள்வி ஒன்று உண்டு: 'எந்த மாடலை முதலில் வரைவது?'

வீடு கட்டும் முன் பிளான் போடுவதுபோல, தகவல்களுக்கும் பிளான் உண்டு. அதற்குப் பெயர் டேட்டா மாடல். இதில் முக்கியமானவை மூன்று.

கான்செப்சுவல் மாடல்: பூட்டு, சாவி, வாடிக்கையாளர், ஆர்டர் என்று கட்டம் போட்டு, கோடுகளால் இணைக்கும் படம். இப்படி வரையும் முறையை 1976-ல் பிரபலமாக்கியவர் பீட்டர் சென். பட்டறை முதலாளிக்கும் இது புரியும். "ஒரு பூட்டுக்கு ஒரு சாவிதானே?" என்று கேட்டால், "மாஸ்டர் சாவி பல பூட்டைத் திறக்குமே!" என்று அவரே திருத்திவிடுவார்.

லாஜிக்கல் மாடல்: அந்தத் திருத்தத்துக்கு இங்கேதான் வடிவம் கிடைக்கும். பூட்டுக்கு ஒரு பட்டியல், சாவிக்கு ஒரு பட்டியல், எந்தச் சாவி எந்தப் பூட்டைத் திறக்கும் என்பதற்கு மூன்றாவதாக ஒரு பட்டியல். எந்த டேட்டாபேஸ் என்று இன்னும் முடிவாகாவிட்டாலும் இதை வரையலாம்.

பிசிக்கல் மாடல்: மைஎஸ்க்யூஎல், ஆரக்கிள் என்று டேட்டாபேஸைத் தேர்ந்தெடுத்த பிறகு வரைவது. எதை எண்ணாக வைப்பது, எதை எழுத்தாக வைப்பது என்பதெல்லாம் இங்கே முடிவாகும். திண்டுக்கல்லின் எஸ்டிடி கோடு 0451. அதை எண்ணாகச் சேமித்தால் முன்னால் உள்ள பூஜ்யம் காணாமல் போய் 451 ஆகிவிடும்!

ஆர்டர் வந்தது முதல் பூட்டு கைமாறுவது வரை வேலை எப்படி நகர்கிறது என்று பார்க்க வேண்டுமா? அதற்கு பிசினஸ் பிராசஸ் மாடல் தனியாக இருக்கிறது.

அவசரப்பட்டு நேராக பிசிக்கல் மாடலில் இறங்கினால் என்ன ஆகும்? பூட்டுப் பட்டியலில் 'சாவி எண்' என்று ஒரே ஒரு கட்டம் போட்டு முடித்துவிடுவார்கள். ஒருநாள் வாடிக்கையாளரின் மாஸ்டர் சாவி தொலைந்துபோகும். எந்தெந்தப் பூட்டுகளை மாற்ற வேண்டும் என்று கேட்டு அவர் பதறுவார். கம்ப்யூட்டரிடம் பதில் இருக்காது.

தேர்வு செய்ய எளிய வழி, யாரோடு பேசப் போகிறோம் என்று பார்ப்பதுதான். முதலாளியோடு என்றால் கான்செப்சுவல், வடிவமைப்பாளரோடு என்றால் லாஜிக்கல், டேட்டாபேஸை உருவாக்குபவரோடு என்றால் பிசிக்கல்.

பூட்டு செய்பவருக்குக் கம்ப்யூட்டர் தெரிய வேண்டியதில்லை. ஆனால், முதல் படம் வரையும்போது அவர் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும்!