சக்கர நாற்காலியும் ராட்டினம் ஏறும்!

பள்ளியில் சுற்றுலா என்று அறிவிப்பு வந்ததும் வகுப்பில் எவ்வளவு கும்மாளம்! ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் என்றால் ஏலகிரி. வேலூர் என்றால் அமிர்தி. பெரிய வகுப்புக்காரர்களுக்குச் சென்னை தீம் பார்க்!

அந்தக் கும்மாளத்தில், "நான் வரலை... எனக்கு அதெல்லாம் பிடிக்காது" என்று ஒரு குரலைக் கேட்டிருக்கிறீர்களா? சக்கர நாற்காலியில் வரும் தோழனோ, காலில் காலிப்பர் மாட்டிய தோழியோ சொல்லியிருக்கலாம். பிடிக்காமல் இல்லை. பேருந்தின் முதல் படியிலேயே அவர்களுக்குச் சிக்கல் தொடங்கிவிடுகிறது.

அமெரிக்காவில் நடந்த ஒரு கதையைக் கேளுங்கள். 2006-ல் கார்டன் ஹார்ட்மன் என்பவர் குடும்பத்தோடு வெளியூர் போயிருந்தார். விடுதி நீச்சல் குளத்தில் சில பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவருடைய 12 வயது மகள் மார்கனுக்கும் விளையாட ஆசை. அவளுக்கு அறிவு வளர்ச்சியில் குறைபாடு உண்டு. சரளமாகப் பேச வராது. அவள் ஆசையாக அருகே போனதும், அந்தப் பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கரையேறிவிட்டார்கள்.

அவர்கள் பொல்லாத பிள்ளைகள் இல்லை. அவளோடு எப்படிப் பழகுவது என்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

மகளைக் கூட்டிப்போக ஏற்ற பூங்காவைத் தேடினார் அப்பா. கிடைக்கவில்லை. தானே கட்டிவிட்டார்! சான் அன்டோனியோ நகரில், பழைய கல் குவாரி இருந்த இடத்தில், 25 ஏக்கரில் 2010-ல் அது திறக்கப்பட்டது. பெயர் 'மார்கன்ஸ் வொண்டர்லேண்ட்'. மாற்றுத்திறனாளிகளுக்கு நுழைவுக் கட்டணமே கிடையாது.

அங்கே குடைராட்டினத்தில் சக்கர நாற்காலியோடு ஏறலாம். குதிரைகள் போலவே அந்த இடமும் மேலே போகும், கீழே வரும். 2017-ல் பக்கத்திலேயே தண்ணீர்ப் பூங்காவும் வந்தது. மின்சாரச் சக்கர நாற்காலி நனைந்தால் கெட்டுவிடுமே? அதற்காக பேட்டரியே இல்லாத நாற்காலி வைத்திருக்கிறார்கள். அழுத்தி அடைத்த காற்றில் ஓடும். டியூபில் காற்றைத் திறந்தால் 'புஸ்'ஸென்று சீறுமே, அந்த விசைதான்!

வேடிக்கை என்ன தெரியுமா? அந்த ராட்டினத்தில் ஏற மார்கனுக்கே பயம். முதலில் பக்கத்தில் நின்று பார்த்தாள். பிறகு, சுற்றாமல் நிற்கும்போது ஏறி உட்கார்ந்தாள். சுற்றும் ராட்டினத்தில் ஏற 3 வருடம் ஆயிற்று! யாரும் அவசரப்படுத்தவில்லை.

ஷூ தைக்கிற நம்ம ஊருக்கு இதெல்லாம் புதுசா என்ன? காலை அளந்துதானே ஷூ தைக்கிறார்கள்! செருப்புக்காகக் காலைத் தறிப்பதா என்று பழமொழியே உண்டு.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை டாக்டர் மேரி வர்கீஸுக்கு 1954-ல் விபத்து நேர்ந்து, இடுப்புக்குக் கீழே செயலிழந்துபோனது. ஆனால், கைகளுக்குச் செய்யும் அறுவை சிகிச்சையை உட்கார்ந்துகொண்டே செய்யலாமே! சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் விரல்களைச் சீராக்கினார். அவர் முயற்சியால் 1966-ல் பாகாயத்தில் மறுவாழ்வு மையமும் வந்தது.

சென்னை மெரினா மணலில் சக்கரம் புதைந்துவிடும். அதனால் 2022 நவம்பரில் அலை அருகே வரை 263 மீட்டர் மரப்பாதை போட்டார்கள். மறுமாதமே மாண்டஸ் புயல் அதைப் பெயர்த்தது; பிறகு சரிசெய்தார்கள். பொழுதுபோக்கிலும் மாற்றுத்திறனாளிகளுக்குச் சம உரிமை உண்டு என்கிறது 2016-ம் ஆண்டுச் சட்டம்.

எல்லா ரைடிலும் எல்லோரும் ஏற முடியாதுதான். ரோலர் கோஸ்டரில் கழுத்தும் கையும் குலுக்கலைத் தாங்க வேண்டும். பாதுகாப்புக்காக "இது வேண்டாம்" என்றால் கேட்டுக்கொள்ள வேண்டும். "நீ வாசலிலேயே இரு" என்பது வேறு விஷயம்!

உங்கள் சுற்றுலாவுக்கு வருவோம். போகிற இடத்துக்கு முன்கூட்டியே போன் செய்யச் சொல்லி ஆசிரியரிடம் கேளுங்கள். சாய்தளம் இருக்கிறதா? கழிப்பறைக்குள் சக்கர நாற்காலி நுழையுமா? எந்தெந்த ரைடில் ஏறலாம்? வாசலில் போய் நின்று தெரிந்துகொண்டால் அழுகைதான் மிஞ்சும். கூட்டமும் இரைச்சலும் ஆகாத ஆட்டிசம் குழந்தை என்றால், திறந்தவுடன் காலையிலேயே போவது நல்லது. காதை மூடும் ஹெட்போனும், நடுநடுவே உட்கார அமைதியான இடமும் வேண்டும்.

ஒன்று மறக்காதீர்கள். கேட்காமல் யாருடைய சக்கர நாற்காலியையும் தள்ளாதீர்கள். உங்களைத் திடீரென்று யாராவது முதுகில் பிடித்துத் தள்ளினால் எப்படி இருக்கும்? பேருந்தில் ஏற்றும்போதும் பெரியவர்கள் அவனிடமே கேட்கட்டும். எங்கே பிடித்தால் வலிக்காது என்று அவனுக்குத்தானே தெரியும்!

ஏறியாச்சா? ஜன்னல் சீட் யாருக்கு என்பதற்கு மட்டும் சீட்டுக் குலுக்குங்கள். அவன் பெயரையும் எழுதிப் போட்டுத்தான்!