விட்ட கதையும் தொட்ட கையும்

மனிதனின் வாழ்நாளுக்கு எல்லை உண்டு. அவன் மேற்கொள்ளும் பணிகளுக்கோ எல்லை இல்லை. தந்தை வெட்டத் தொடங்கிய குளத்தை மகன் வெட்டி முடிப்பதும், ஓர் அரசன் எடுப்பித்த கோயிலுக்குப் பின்வந்த அரசன் மதில் எழுப்புவதும் உலக வழக்கம். மதுரைத் திருக்கோயிலின் வடக்குக் கோபுரம் நெடுங்காலம் முடியின்றி நின்றது. பின்வந்தோர் அதனை முடித்தனர். ஆயினும் மக்கள் அதனை ‘மொட்டைக் கோபுரம்’ என்றே இன்றும் அழைக்கின்றனர். ஒருவர் விட்ட பணியை மற்றொருவர் தொடர்வதில் உள்ள பெருமையையும் இடர்ப்பாட்டையும் இவ்வொரு பெயரே உணர்த்தும்.

கல்லால் ஆன பணிக்கு உரிய இந்நிலை சொல்லால் ஆன பணிக்கும் உண்டு. ஓர் ஆசிரியர் மறைந்தபின் அவருடைய கதையை வேறோர் ஆசிரியர் ஏற்று நடத்துதல் இருவகைப்படும். முற்றுப்பெறாது நின்ற நூலை முடித்து வைத்தல் ஒன்று. முற்றுப்பெற்ற நூலின் முடிவையே தொடக்கமாகக் கொண்டு புதுநூல் செய்தல் மற்றொன்று.

முதல்வகைக்கு வடமொழியிலுள்ள காதம்பரி சான்றாகும். பாணபட்டர் அதனை முடிக்குமுன் மறைந்தார். அவர்தம் மைந்தர் அதனை நிறைவு செய்தார். தெலுங்கு மொழியில் நன்னயர் 11-ஆம் நூற்றாண்டில் பாரதத்தைப் பாடத் தொடங்கி, ஆரணிய பருவத்தின் இடையிலே நிறுத்தினார். 13-ஆம் நூற்றாண்டில் தோன்றிய திக்கனர் விராட பருவம் முதலாக இறுதிவரை பாடினார். இடையில் விடுபட்ட பகுதியை 14-ஆம் நூற்றாண்டில் எர்ரனர் பாடி நிரப்பினார். நன்னயரை ஆதரித்தவன் இராசராச நரேந்திரன். எர்ரனர் காலத்தில் அவ்வரசன் மறைந்து மூன்று நூற்றாண்டுகள் ஆகியிருந்தன. எனினும், தாம் பாடிய பகுதியை அவன் பெயருக்கே உரியதாக்கி, நன்னயரே பாடியதுபோல எர்ரனர் அமைத்தார். தம் புகழை மறைத்து முன்னவர் புகழை நிறுத்திய அச்செயல் வியந்து போற்றத்தக்கது.

இரண்டாம் வகைக்குத் தமிழிலேயே சிறந்த சான்று உண்டு. கோவலன், கண்ணகி ஆகியோரின் வரலாற்றை இளங்கோவடிகள் சிலப்பதிகாரமாகச் செய்தார். மாதவி பெற்ற மகளின் வரலாற்றைச் சாத்தனார் மணிமேகலையாகச் செய்தார். கதை தொடர்ந்தது, ஆயினும் நோக்கும் நடையும் வேறாயின. அதனாலேயே அவை ஒன்றன் நிழலில் ஒன்று மறையாது, இரட்டைக் காப்பியங்கள் என விளங்குகின்றன.

இக்காலத்தில் இவ்விருவகையும் ஓர் எழுத்தாளரைச் சார்ந்தே நிகழ்ந்தன. அவர், ‘கல்கி’ என்னும் புனைபெயர் பூண்ட ரா. கிருஷ்ணமூர்த்தி ஆவார். 1899-இல் புத்தமங்கலத்தில் பிறந்த அவர், பார்த்திபன் கனவு, சிவகாமியின் சபதம், பொன்னியின் செல்வன் ஆகிய வரலாற்றுப் புதினங்களை இயற்றினார். அவற்றுள் பெரியதாகிய பொன்னியின் செல்வன், 1950 முதல் 1954 வரை கல்கி வார இதழில் தொடர்கதையாக வந்தது. ஐந்து பாகங்களை உடையது. அது முடிவுற்ற அவ்வாண்டிலேயே, டிசம்பர்த் திங்கள் 5-ஆம் நாள், கல்கி மறைந்தார். அப்போது அவர் எழுதிவந்த ‘அமரதாரா’ என்னும் சமூகப் புதினம் முற்றுப்பெறாது நின்றது. அதனை அவர்தம் மகள் ஆனந்தி, தந்தையார் விட்டுச் சென்ற குறிப்புகளைக் கொண்டு முடித்தார். இது முதல்வகையைச் சார்ந்தது.

பொன்னியின் செல்வனின் நிலை வேறு. அது முடிந்த கதை. ஆயினும் படித்தோர் உள்ளத்தில் முடியாத கதை. சோழப் பேரரசின் மணிமுடி தம் கைக்கு எட்டிய வேளையில் அருள்மொழிவர்மர் அதனை மற்றொருவருக்கு அளிப்பதோடு பெருங்கதை நிறைவெய்துகிறது. வந்தியத்தேவன் பின்னர் என்ன ஆனான்? ஆதித்த கரிகாலரைக் கொன்றவர் தண்டனை பெற்றனரா? அருள்மொழிவர்மர் எவ்வாறு இராசராசர் ஆனார்? இவ்வாறு வாசகர் பலர் வினவினர். அவ்வினாக்களுக்கு விடையாகக் கல்கி முடிவுரை ஒன்று எழுதி, கதைமாந்தரின் பிற்கால வாழ்வைச் சுருங்கக் கூறினார். சுருக்கம் அறிவுக்கு நிறைவளிக்கலாம். கதைகேட்ட ஆவலுக்கு நிறைவளிப்பதில்லை.

அவ்வாவலை நிறைவிக்கத் துணிந்தவர் விக்கிரமன். 1928-இல் பிறந்த இவரின் இயற்பெயர் வேம்பு. ‘அமுதசுரபி’ என்னும் திங்களிதழின் ஆசிரியராக ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் விளங்கி, 2015-இல் மறைந்தார். கல்கியின் மறைவுக்குப் பின் இவர் இயற்றிய ‘நந்திபுரத்து நாயகி’, பொன்னியின் செல்வன் நின்ற இடத்திலிருந்து கதையைத் தொடர்கிறது. நந்திபுரம் என்பது குந்தவைப் பிராட்டியார் வாழ்ந்த பழையாறை நகருக்கு வழங்கிய மற்றொரு பெயராகும்.

இத்தகைய பணியை மேற்கொள்வோர் முப்பெருங் கடன்களை ஏற்கின்றனர்.

முதலாவது, மறைந்த ஆசிரியருக்குச் செலுத்த வேண்டிய கடன். முன்னவர் படைத்த மாந்தரின் இயல்பைப் பின்னவர் சிதைத்தல் கூடாது. வந்தியத்தேவன் துடுக்கும் துணிவும் உடையவன்; இடரிலும் நகைப்பவன். அவனைச் சிரிப்பறியாத வீரனாகக் காட்டினால், பெயர் அதுவாயினும் ஆள் அவன் அல்லன். எனினும், ஆண்டுகள் செல்லச் செல்ல மனிதர் முதிர்வதும் இயற்கையே. மாறாத இயல்பையும் மாறும் பருவத்தையும் ஒருங்கே காட்டுவதுதான் பின்னவரின் திறமைக்கு உரைகல்.

இரண்டாவது, வரலாற்றுக்குச் செலுத்த வேண்டிய கடன். கற்பனைக் குதிரைக்குக் கல்வெட்டே கடிவாளம். உத்தமசோழர் ஏறத்தாழ 970 முதல் 985 வரை ஆண்டார். அவருக்குப் பின்னரே இராசராசர் முடிசூடினார். தம் சிற்றப்பர் நாடாள விரும்பியவரை அருள்மொழிவர்மர் அரசுரிமையை நாடவில்லை எனத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் தெரிவிக்கின்றன. உத்தமசோழரின் மகனார் இராசராசர் காலத்தில் கோயிற் பணிகளை மேற்பார்த்து வந்தமையும் கல்வெட்டுகளால் அறியப்படுகிறது. ஆதலின் அவ்விரு குடும்பத்தாரிடையே தீராப்பகை மூண்டதாகக் கதை புனைவது பொருந்தாது. வந்தியத்தேவர் குந்தவையாரின் கணவர் என்பதும் தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டால் விளங்கும். அதனை மாற்றவும் எவருக்கும் உரிமை இல்லை.

ஆனால், கல்வெட்டு பேசாத இடங்களும் உண்டு. உடையார்குடிக் கல்வெட்டு, ஆதித்த கரிகாலரைக் கொன்ற துரோகிகளின் உடைமைகள் குறித்து இராசராசர் தம் இரண்டாம் ஆட்சியாண்டில் பிறப்பித்த ஆணையைக் கூறுகிறது. கொலைக்கும் இவ்வாணைக்கும் இடையே பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன. இத்துணைக் காலத் தாழ்வு நேர்ந்தது ஏன்? இதற்கு வரலாற்றறிஞர் வெவ்வேறு விடை கூறுவர். உறுதியான விடை இல்லாத இவ்விடமே கதையாசிரியர் புகுந்து உலவுவதற்கு ஏற்ற திறந்த வாயிலாகும்.

மூன்றாவது, தமக்கே செலுத்த வேண்டிய கடன். முன்னவரின் நடையைச் சொல்லுக்குச் சொல் பின்பற்றுவோர் கிளிப்பிள்ளை போல்வர். அவர் எழுத்தில் உயிர் இராது. முற்றும் துறந்து வேறு வழியிற் செல்வோரோ, பழைய வாசகரைத் தெரியாத ஊரில் விட்டவர் ஆவர். ஒரே ஆற்றில் முன்செல்லும் நீரும் பின்வரும் நீரும் வெவ்வேறு. ஆயினும் ஆறு ஒன்றே. தொடர்கதையின் ஒருமையும் அத்தகையதே.

‘பெரியோர் முடித்த கதையைப் பிறர் தொடுதல் தகுமா?’ என்று வினவுவாரும் உளர். அவ்வினா புறக்கணிக்கத்தக்கது அன்று. முன்னவரின் புகழைக் கொண்டு தம் நூலை விலைப்படுத்த எண்ணும் ஆசை எவரையும் பற்றக்கூடியதே. மறைந்தவரோ மறுத்துரைக்க இயலாதவர். ஆகவே, அவர் சார்பில் நின்று காக்க வேண்டிய பொறுப்பு, தொடர்ந்தெழுதுபவரின் மனச்சான்றையே சார்ந்தது. மூலநூலுக்கு மட்டும் இதனால் ஊறு நேர்வதில்லை. அதன் ஓர் எழுத்தும் மாறாது. பின்னூல் நன்றாயின், படிப்போர் மீண்டும் முன்னூலை நாடுவர். நன்றன்றாயின், காலம் அதனைத் தானே ஒதுக்கிவிடும்.

கல்கி தாமும் சோழர் கதையைத் தனித்துப் படைத்தவர் அல்லர். கல்வெட்டுகளைப் பொறித்த பெயரறியாத கல்தச்சர்களும், அவற்றை ஆராய்ந்த நீலகண்ட சாஸ்திரியார், சதாசிவ பண்டாரத்தார் போன்ற அறிஞர்களும் வைத்துச் சென்ற விளக்குகளின் ஒளியிலேயே அவர் நடந்தார். அவர் ஏற்றிய விளக்கிலிருந்து விக்கிரமன் தம் திரியைப் பற்றவைத்தார். ஒரு விளக்கிலிருந்து மற்றொன்றை ஏற்றுவதால் முன்னதன் ஒளி குறைவதில்லை. ஆனால், ஏற்றுகின்ற கை நடுங்காதிருத்தல் வேண்டும். முன் விளக்கை அணைத்துவிடாத பணிவும் அக்கைக்கு வேண்டும். இவ்விரண்டும் உடையவரே பிறர் விட்ட பணியைத் தொடுவதற்கு உரியவர்.