அரை கிலோ புடவைக்கு ஒன்றரை கிலோ கட்டணம்

சின்னாளப்பட்டி சுங்குடிப் புடவை ஒன்றை மடித்து, பிளாஸ்டிக் கூரியர் கவரில் போட்டு ஒட்டினால் எடை அரை கிலோவுக்குள் அடங்கிவிடும். அதை ஆன்லைனில் விற்பவர் 500 கிராம் என்று குறித்து லேபிள் எடுக்கிறார். பார்சல் பத்திரமாகப் போய்ச் சேர்கிறது. வாங்கியவரும் திருப்தியாக ஐந்து நட்சத்திரம் கொடுத்துவிடுகிறார். சில நாள் கழித்துக் கணக்கில் பணம் வரும்போது பார்த்தால், அனுப்பும் கட்டணம் ஒன்றரை கிலோவுக்குப் பிடிக்கப்பட்டிருக்கிறது. ஏன் என்று கேட்டால் கிடைக்கும் பதில் இரண்டே சொல்: எடை வித்தியாசம்.

அரை கிலோவை ஒரு ஸ்லாப் என்பார்கள். ஒரு ஸ்லாப் கூடினால் 40 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஸ்லாப்புக்கு 80. அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 14 ரூபாய் 40 காசு. ஆக 94 ரூபாய் 40 காசு போய்விட்டது. 600 ரூபாய்க்குப் புடவை விற்கும் வீட்டு வியாபாரிக்கு எல்லாச் செலவும் போக மிஞ்சுவதே ஏறக்குறைய அவ்வளவுதான். வாங்க ஆள் இல்லாமல் பார்சல் திரும்பி வந்தால் நிலைமை இன்னும் மோசம். ஆர்.டி.ஓ. என்று சொல்லப்படும் அந்தத் திரும்பு பயணத்துக்கும் அதே தவறான எடையில் கட்டணம் விழும். விற்பனையே நடக்காத ஒரு புடவைக்கு இரண்டு பக்கத் தண்டம்.

இந்தத் தொகைகளைத் திரும்பப் பெற முடியும். ஆனால் பணம் பிடிக்கப்பட்ட பிறகு ஆதாரம் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. பார்சல் வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே அதைச் சேர்த்துவைக்க வேண்டும்.

முதலில், அரை கிலோ எப்படி ஒன்றரை கிலோவாகிறது என்று பார்த்துவிடுவோம். கூரியர் நிறுவனங்கள் தராசு காட்டும் எடையை மட்டும் வைத்துக் கட்டணம் போடுவதில்லை. வண்டியில் பார்சல் அடைக்கும் இடத்தையும் எடையாக மாற்றிக் கணக்கிடுகின்றன. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பது பரவலான முறை. வருவது வால்யூமெட்ரிக் எடை. தராசு எடை, இந்த எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பில்.

நம் புடவைக் கவரின் நீளம் 30, அகலம் 25, உயரம் 3 சென்டிமீட்டர் என்றால் கணக்கு 450 கிராம். ஒரு ஸ்லாப்பில் முடிந்துவிடும். அதே புடவையை 6 சென்டிமீட்டர் உயரமுள்ள அட்டைப்பெட்டியில் வைத்தால் 900 கிராம். ஒரு கிலோவுக்குக் கட்ட வேண்டும். கவருக்குள் காற்று அடைத்து, நடுவில் 7 சென்டிமீட்டர் உப்பிக்கொண்டு நின்றால்? 1,050 கிராம் ஆகிறது. ஒரு கிலோவைத் தாண்டிய 50 கிராமுக்காக ஒன்றரை கிலோ ஸ்லாப்பில் போய் விழுகிறது. புடவையில் ஒரு நூல்கூடக் கூடவில்லை. ஒப்பந்தத்தில் 5000-க்குப் பதில் 4000 என்று இருந்தால் அந்த அட்டைப்பெட்டியே ஒன்றரை கிலோ ஆகிவிடும். விற்பவர் கையெழுத்திடும் ஒப்பந்தத்தில் முதலில் தேடிப் படிக்க வேண்டியது இந்த எண்ணைத்தான்.

தமிழ்நாட்டுப் பொருள்களில் பல, எடை குறைந்து இடம் அதிகம் பிடிப்பவை. தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையை உடையாமல் அனுப்ப 25-க்கு 25-க்கு 30 பெட்டி தேவைப்பட்டால், பொம்மை எவ்வளவு இலேசாக இருந்தாலும் கணக்கில் 3.75 கிலோ, கட்டணம் நான்கு கிலோவுக்கு. மணப்பாட்டுப் பனை ஓலைப் பெட்டிகளும் அப்படியே. இது கூரியர்காரர் செய்யும் தவறல்ல, விதியே அதுதான். விலை வைக்கும்போதே இதைக் கணக்கில் சேர்த்துவிட வேண்டும். ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கக்கூடிய ஓலைப்பெட்டிகளை செட்டாக விற்பது இதனால்தான் புத்திசாலித்தனம். விதிப்படி வந்த கட்டணத்தையும் தவறாக வந்த கட்டணத்தையும் பிரித்தறியாமல் எல்லாவற்றுக்கும் டிக்கெட் (புகார்ப் பதிவு) போட்டால், நியாயமான புகாரும் அந்தக் கூட்டத்தில் அடிபட்டுப் போகும்.

தவறு நேரும் இடம், கூரியர் நிறுவனங்கள் பார்சல்களைப் பிரித்தனுப்பும் பெரிய ஹப்புகள். அங்கே பார்சல்கள் கன்வேயரில் ஓடும்போதே எடை, அளவு, பார்கோடு மூன்றையும் இயந்திரம் பதிவுசெய்கிறது. லேசர் அல்லது கேமரா, பொருளின் அதிகபட்ச நீளம், அகலம், உயரத்தை எடுத்துக்கொள்ளும். கவரின் ஒரு மூலை தூக்கிக்கொண்டிருந்தால் அதுதான் உயரம். டேப்பின் வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதுவும் அளவில் சேரலாம். இரண்டு பார்சல்கள் ஒட்டிக்கொண்டு ஓடினால் இரண்டும் ஒன்றாகப் பதிவாகலாம். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. ஆனாலும் காசு போவது விற்பவருடைய பையிலிருந்துதான்.

ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் பருத்தி மூட்டையை எடை போடும்போது விவசாயி தராசுக்குப் பக்கத்தில் நிற்பார். தபால் அலுவலகக் கவுன்ட்டரில் ஸ்பீட் போஸ்ட் அனுப்பும்போதும் எடை நம் கண்ணெதிரே போடப்படுகிறது. எடை அச்சான ரசீது அந்த இடத்திலேயே கைக்கு வருகிறது. ஆன்லைன் வியாபாரத்தில் பிக்கப்புக்கு வரும் பையன் பார்கோடை ஸ்கேன் செய்துவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறான். எடை போடுவது எங்கோ ஒரு ஹப்பில், விற்பவர் இல்லாத நேரத்தில், பில் போடுபவருடைய இயந்திரத்தில். இந்த ஏற்பாடு நியாயமற்றது என்பது என் உறுதியான கருத்து. எடையைக் கூட்டிப் பணம் பிடிப்பவர், அந்தப் பார்சல் தராசில் இருக்கும் படத்தைக் கேட்காமலேயே காட்ட வேண்டும். இன்று பல ஆன்லைன் தளங்களில், விற்பவர்தான் தன் எடையை நிரூபித்தாக வேண்டியிருக்கிறது.

அந்த நிரூபணத்துக்கு வேண்டியது நல்ல மின்னணுத் தராசு, டேப், கைப்பேசி. தராசு முத்திரையிடப்பட்டதாக இருக்கட்டும், வாதம் வலுவாகும். பார்சலை ஒட்டி, லேபிளும் ஒட்டிய பிறகு தராசில் வைத்துப் படம் எடுக்க வேண்டும். எடை எண்ணும் லேபிளில் உள்ள ஏ.டபிள்யூ.பி. எனப்படும் பார்சல் எண்ணும் ஒரே படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். பிறகு நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றுக்கும் டேப் வைத்து ஒரு படம். டேப்பின் பூஜ்ஜியம் தொடங்கும் முனை படத்தில் இல்லை என்பதும், லேபிள் ஒட்டாத பெட்டியின் படம் என்பதும் புகார்கள் தள்ளுபடியாவதற்கு வழக்கமான காரணங்கள். விலை உயர்ந்த பொருளென்றால், பொருளை உள்ளே வைப்பதிலிருந்து எடை போடுவது வரை வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுத்துக்கொள்வது நல்லது. ஒரே பொருளைத் தொடர்ந்து அனுப்புகிறவர்களுக்குச் சில கூரியர் இணைப்புத் தளங்களில் 'வெயிட் ஃப்ரீஸ்' வசதி இருக்கிறது. பொருளின் எடையையும் அளவையும் படங்களுடன் ஒருமுறை பதிந்து ஒப்புதல் வாங்கிவிட்டால், அதன்பின் அந்த எடைக்குத்தான் பில் வரும். வசதி இருந்தும் பதியாமல் விடுவது நம் பணத்தை நாமே விடுவதற்குச் சமம்.

படங்களைவிட வலுவான ஆதாரம் ஒன்று பலருடைய கணினியிலேயே கவனிக்கப்படாமல் கிடக்கிறது. தளங்கள் தரும் செட்டில்மென்ட் எக்செல் கோப்புதான் அது. அதைப் பொருள் குறியீட்டின்படி வரிசைப்படுத்திப் பாருங்கள். ஒரே புடவை, ஒரே அளவுக் கவர். பத்து பார்சலில் எட்டு 500 கிராம் என்றும் இரண்டு ஒன்றரை கிலோ என்றும் பதிவாகியிருந்தால், அவர்களுடைய இயந்திரமே தன்னை மறுத்துப் பேசுகிறது. அந்தப் பத்து வரிகளை அப்படியே வெட்டி டிக்கெட்டில் ஒட்டலாம். ஒரு பார்சலுக்கு ஒரு புகார் என்று தனித்தனியாகப் போடுவதைவிட, ஒரே பொருளுக்கான எல்லா வரிகளையும் திரட்டிக் கொடுத்தால் மறுமுனையில் இருப்பவரும் வழக்கமான பதிலை ஒட்டி அனுப்பிவிட முடியாது. கோப்பைத் திறக்கும்போதே, பக்கத்து மாவட்டத்துக்குப் போன பார்சலுக்குத் தேசிய மண்டலக் கட்டணம் விழுந்திருக்கிறதா, பிக்கப்புக்கு முன் ரத்து செய்த லேபிளுக்குப் பணம் பிடித்திருக்கிறார்களா என்பதையும் பார்த்துவிடலாம். இவற்றுக்குப் படம் தேவையில்லை. பின்கோடும் ரத்து செய்த நேரமும் போதும்.

பணம் திரும்பி வந்தாலும் கணக்கு முடிவதில்லை. 80 ரூபாய் கட்டணத்துக்கு 14 ரூபாய் 40 காசு வரியும் சேர்த்துப் பிடித்திருக்கிறார்கள் அல்லவா? திரும்பியது 80-ஆ, 94.40-ஆ என்று பாருங்கள். வரியோடு திருத்துவதற்கு ஜி.எஸ்.டி. சட்டத்தின் 34-வது பிரிவு கிரெடிட் நோட் என்ற வழியை வைத்திருக்கிறது. நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30-க்குள் அதைக் கணக்கில் காட்டியாக வேண்டும். ஜி.எஸ்.டி. எண் வைத்திருப்பவர் கட்டிய வரியை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ள வழி உண்டு. 2023 அக்டோபர் 1 முதல், பதிவு இல்லாத சிறு வியாபாரிகளும் தங்கள் மாநிலத்துக்குள் ஆன்லைன் விற்பனைத் தளங்கள் வழியாக விற்கலாம் என்ற சலுகை வந்தது. அவர்களுக்கு உள்ளீட்டு வரி கிடையாது. தவறாகப் பிடித்த ஒவ்வொரு காசும் வரியோடு சேர்ந்து அவர்களுக்கு நஷ்டம்.

தளங்கள் புகாருக்குத் தரும் அவகாசம் குறைவு. சில இடங்களில் ஒரு வாரம்தான். அதைத் தவறவிடாமல் இருக்க வாரம் ஒருமுறை கோப்பைப் பார்ப்பதுதான் ஒரே வழி. ஆனால் அந்த அவகாசம் முடிந்ததும் சட்டத்தின் கதவும் மூடிவிட்டது என்று எண்ண வேண்டாம். உரிமையை வழக்குமூலம் நிலைநாட்டும் காலத்தைச் சுருக்கும் நிபந்தனை செல்லாது என்கிறது 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 28-வது பிரிவு.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா? வியாபாரத்துக்காகச் சேவை பெறுபவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்பது பொது விதி. பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவர் வாங்கிப் பயன்படுத்தும் பொருளுக்கு 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விலக்கு தருகிறது; அந்த வாசகத்தில் சேவை என்ற சொல் இல்லை. அதற்கு முந்தைய சட்டத்தில் இருந்த இதே விலக்கைப் பற்றி, கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட் எதிர்தரப்பாக இருந்த வழக்கில் 1995-ல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. உதவிக்கு ஒருவர் இருவரை வைத்துக்கொண்டதால் மட்டும் ஒருவர் நுகர்வோர் என்ற தகுதியை இழப்பதில்லை; ஒவ்வொரு வழக்கின் உண்மைகளையும் பார்த்தே முடிவெடுக்க வேண்டும் என்றது. வீட்டிலிருந்து தானே பேக் செய்து விற்பவர், இந்த விலக்கு சேவைக்கும் பொருந்த வேண்டும் என்று வாதிட்டுப் பார்க்கலாம்; ஏற்கப்படும் என்ற உறுதி இல்லை. சேவைக்குச் செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மாவட்ட ஆணையத்தில் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. முதல் படியாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவுசெய்யலாம்.

அரசு செய்ய வேண்டியதும் இருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி, செய்த சேவைக்குக் கூலி கணக்கிடப் பயன்படும் எடைக் கருவியும் சரிபார்த்து முத்திரையிடப்பட வேண்டும். தமிழ்நாட்டில் அந்தப் பொறுப்பு தொழிலாளர் துறையிடம் இருக்கிறது. காய்கறிக் கடைத் தராசைச் சோதிக்கும் அதிகாரிகள் ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் பக்கங்களில் இருக்கும் பெரிய கிடங்குகளின் கன்வேயர் தராசுகளையும் சோதிக்க வேண்டும். முடிவுகளை வெளியிட வேண்டும். ஆன்லைனில் விற்கும் வாசகர்கள் தங்கள் செட்டில்மென்ட் கோப்பில் ஒரே பொருளுக்கு இருவேறு எடை பதிவாகியிருந்தால், அந்த வரிகளை இணைத்துத் தங்கள் மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையருக்கு எழுத்துப்பூர்வமாக ஒரு மனு கொடுக்க வேண்டும்.