ஒரு குறிப்பு, பல கருவிகள்

தில்லியில் பயிலும் மாணவி ஒருத்தி, ஊரிலிருந்து பாட்டி பேசும்போது கேட்கும் புதிய சொற்களைத் தாயின் திறன்பேசியில் குறித்து வைக்கிறாள். உலக்கை, முறம், தாழ்வாரம் எனப் பட்டியல் நீள்கிறது. மாலையில் வீட்டுக் கணினியைத் திறந்தால், அதே பட்டியல் அங்கும் இருக்கிறது. இஃது எவ்வாறு நிகழ்கிறது?

கூகுள் கீப் போன்ற குறிப்புச் செயலிகளில் எழுதுவன கருவியில் மட்டும் தங்குவதில்லை. அவை இணையத்தின் வழியே தொலைவிலுள்ள சேவையகத்தைச் சென்றடைகின்றன. ஒரே கணக்கினுள் நுழையும் ஒவ்வொரு கருவியும் அங்கிருந்து அவற்றைப் பெற்றுக்கொள்கிறது. இதனை ஒத்திசைவு என்பர். தொடர்வண்டிப் பயணத்தில் இணைப்பு அறுந்தாலும் கவலையில்லை. திறன்பேசியில் எழுதியவை அதிலேயே காத்திருந்து, இணைப்புக் கிடைத்ததும் புறப்படும். தமிழ் எழுத்துகள் எக்கருவியிலும் சிதையாமல் தோன்றுவதற்குக் காரணம், எல்லாக் கருவிகளும் யூனிகோடு என்னும் ஒரே குறியீட்டு முறையைப் பின்பற்றுவதே.

ஆனால், எழுதுவது எங்கும் பரவுவது போலவே அழிப்பதும் எங்கும் பரவும். ஒரு கருவியில் நீக்கிய குறிப்பு மற்றவற்றிலிருந்தும் மறைந்துவிடும். கூகுள் கீப்பில் அது 7 நாள்கள் குப்பைத்தொட்டியில் இருக்கும். அதன்பின் மீட்க இயலாது. தம்பி விளையாட்டாக நீக்கிய பட்டியலை அம்மாணவி ஆறாம் நாளில்தான் தேடினாள், நல்வாய்ப்பாகக் கிடைத்தது. இப்பொழுது பாட்டியின் சொற்களைத் தாளிலும் எழுதி வருகிறாள்.